தீபாவளிச் சீட்டில் எடுத்த டேப்லெட் உப்பிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா பயிரிடுகிறார். மகள் பிளஸ் 1 படிக்கிறார். மன்னார்குடியில் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டின் தீபாவளிச் சீட்டில் அவருடைய மனைவி மாதம் 500 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினார். எண்ணெய், மைதா, சர்க்கரை, பட்டாசு, ஒரு பித்தளைப் பாத்திரம் என்று வழக்கமாகக் கணக்கு முடிக்கும் சீட்டு அது. சென்ற தீபாவளிக்குக் கடையின் மாடியில் மின்னணுப் பொருள்களையும் அடுக்கியிருந்தார்கள். "8 ஜிபி ரேம் டேப்லெட், சீட்டு உறுப்பினர்களுக்கு ரூ.6,999 மட்டும்" என்று நாளிதழுக்குள் செருகி வந்த துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து மகள் கேட்டிருக்கிறார். சீட்டுப் பணம் 6,000 ரூபாயோடு 999 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்கிவிட்டார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். பாடநூல் கோப்பு திறப்பதற்குள் பொறுமை போகிறது. பாட வீடியோ நின்று நின்று ஓடுகிறது. பெட்டியில் 64 ஜிபி என்று போட்டிருக்க, உள்ளே 45 சொச்சம்தான் காலி இடம் காட்டியது. யாரும் தொடாமலே விளம்பரங்கள் திரையில் வந்து உட்காருகின்றன. மூன்றாவது வாரத்திலிருந்து, 40 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே அணைந்துபோகிறது. இப்போது பின்பக்க மூடி லேசாக மேடு தட்டியிருக்கிறது. வாங்கிய இருபத்து நான்காம் நாள் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினார். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நேரில் போனபோது, "அரிசி, பருப்பு கெட்டிருந்தால் என்னைக் கேளுங்கள், இதற்குக் கம்பெனியைக் கேளுங்கள்" என்றாராம் உரிமையாளர். கம்பெனி டெல்லியில் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை யாரும் எடுப்பதில்லை.

பில்லில் 999 ரூபாய் மட்டுமே இருக்கிறது. மீதியைச் "சீட்டு அன்பளிப்பு" என்று எழுதியிருக்கிறார்கள். அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரி. இரண்டு மூன்று முறை அலைந்த பிறகு கடைக்காரர் இறங்கிவந்து, இன்னும் 3,500 ரூபாய் கொடுத்தால் பழையதை எடுத்துக்கொண்டு வேறொரு டேப்லெட் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திருப்பூரில் வேலை பார்க்கும் மைத்துனர், "மலிவாக வாங்கினால் இப்படித்தான் அத்தான், தூக்கிப் போடுங்கள்" என்கிறார். வாசகர் கேட்பது இதுதான்: மலிவு விலைக்கு ஆசைப்பட்டது என் தப்புதானே? இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போக முடியுமா? 3,500 கொடுத்து மாற்றிக்கொள்வதா? இந்த மாதிரி சூப்பர் மார்க்கெட் டேப்லெட்டை இனிமேல் வாங்கலாமா, கூடாதா?

சட்டத்துக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த டேப்லெட்டை இன்றே அணைத்துவிடுங்கள். இனிச் சார்ஜ் போட வேண்டாம். பின்மூடி மேடு தட்டுகிறது என்றால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வாயு பிடித்து உப்புகிறது என்று பொருள். அது தீப்பிடிக்கக்கூடியது. மேட்டை அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்துவது, மூடியை நெம்புவது எதுவும் கூடாது. மகள் தலைமாட்டில் வைத்துத் தூங்கக் கூடாது. வைக்கோல், டீசல் கேன் எதுவும் அருகில் இல்லாத உலர்ந்த இடத்தில், சிமெண்டுத் தரையில் தனியாக வையுங்கள். நீடாமங்கலத்தில் செல்போன் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து வேறு பேட்டரி போட்டுவிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்போது அதைச் செய்யாதீர்கள். பாதுகாப்பு ஒரு காரணம். வெளியாள் திறந்துவிட்டார் என்று சொல்லி வாரண்டியைக் கைகழுவ எதிர்த்தரப்புக்கு நீங்களே வழி திறந்துவிடுவீர்கள் என்பது இன்னொன்று.

எது பழுது, எது உங்கள் ஏமாற்றம்?

உங்கள் கடிதத்தில் ஐந்து குறைகளை ஒரே மூச்சில் அடுக்கியிருக்கிறீர்கள். நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இப்படி எழுதினால் வலுவான குறையும் வலுவற்ற குறையோடு சேர்ந்து அடிபட்டுப் போகும். மோட்டா ரக நெல் வாங்கிவிட்டுச் சீரகச் சம்பா மாதிரி இல்லையே என்று வியாபாரியிடம் சண்டை போட முடியாது. வாங்கிய மூட்டையில் பாதி பதராக இருந்தால், மோட்டா ரகமானாலும் கேட்கலாம். உங்கள் ஐந்து குறைகளையும் அப்படிப் பிரித்துப் பார்ப்போம்.

மெதுவாக இயங்குவது பழுது அல்ல. ஏழாயிரம் ரூபாய் டேப்லெட்டில் பொருத்தும் பிராசஸரும் சேமிப்புச் சில்லும் அந்த விலைக்கு ஏற்றவைதான். பாடநூல் கோப்புகளில் படங்கள் அதிகம், திறக்கத் தாமதமாகும். எரிச்சலாக இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது, ஆனால் இதற்கு நிவாரணம் கேட்காதீர்கள்.

64 ஜிபிக்கு 45 காட்டியதும் மோசடி இல்லை. இயங்குதளமும் முன்பே நிறுவப்பட்ட செயலிகளும் ஒரு பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும். அதோடு, தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை ஆயிரத்தின் அடுக்காகவும் சில கருவிகள் 1,024இன் அடுக்காகவும் கணக்கிடுவதால், அவற்றில் எண் இன்னும் கொஞ்சம் குறைந்து தெரியும். விலை உயர்ந்த செல்போனிலும் இப்படித்தான். 45 ஜிபி இருப்பதாகக் காட்டிவிட்டு, பாதி நிரம்பும்போதே கோப்புகள் அழிந்துபோனால்தான் போலிச் சில்லு என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

"8 ஜிபி ரேம்" விஷயம் இடைப்பட்டது. ரேம் என்பது கருவி இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். உங்கள் டேப்லெட்டில் உண்மையாக இருப்பது 4 ஜிபிதான். சேமிப்பு இடத்திலிருந்து இன்னொரு 4 ஜிபியைக் கடன் வாங்கி ரேம் போலப் பயன்படுத்தும் ஏற்பாட்டைக் கூட்டி 8 என்று போடுகிறார்கள். கடன் வாங்கிய அந்தப் பகுதி உண்மையான ரேமின் வேகத்தில் ஓடாது. பெட்டியில் "4+4" என்று பொடி எழுத்தில் இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே தயாரிப்பாளர் தப்பிக்கப் பார்ப்பார். ஆனால் கடை வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் "8 ஜிபி ரேம்" என்று மட்டுமே இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வாதிட அது போதும். அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது என்றால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். கிராமங்களில் பரணைக் காகிதம் போட்டு மூடும் வழக்கம் வழக்கறிஞர்களுக்கு எவ்வளவோ முறை உதவியிருக்கிறது.

தானாக வரும் விளம்பரங்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர்பேர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு கருவிகளில் தொழிற்சாலையிலேயே தீங்கான மென்பொருள் ஏறி வருவது உலகம் முழுவதும் அறிந்த சங்கதி. பிளே ஸ்டோரின் அமைப்புகளில் "பற்றி" என்ற பகுதிக்குள் போனால், கருவி கூகுளின் சான்று பெற்றதா இல்லையா என்று காட்டும். ஆனால் இதைப் பார்ப்பதற்காக உப்பிய டேப்லெட்டை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டாம்; ஆணையம் சோதனைக்கு அனுப்பினால் அங்கே பார்த்துக்கொள்வார்கள். நெல் கொள்முதல் பணம் வரும் வங்கிக் கணக்கின் செயலியை அதில் போட்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். போட்டிருந்தால் வேறு கருவியிலிருந்து கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் உடனே மாற்றுங்கள்.

பேட்டரிதான் உங்கள் வழக்கு. மூன்று வாரத்தில் 40 சதவீதத்தில் அணைவதும், சில மாதங்களில் உப்புவதும் எந்த விலைப் பொருளுக்கும் பழுதுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழுது என்பதை விளக்கும் இடத்தில் மலிவுப் பொருளுக்குத் தனி அளவுகோல் எதுவும் வைக்கவில்லை. உங்கள் மைத்துனர் சொல்வது சட்டத்தில் எங்கும் இல்லை.

"கிராமத்துக் கரண்ட் ஏறி இறங்கியதால் பேட்டரி போய்விட்டது" என்று கடைக்காரர் நாளை சொல்லக்கூடும். நம் பகுதியில் பம்புசெட் ஓடும் நேரத்தில் அழுத்தம் குறைவது அவருக்கும் தெரியும். பெட்டியோடு வந்த சார்ஜரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலான சார்ஜர்களில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். அப்படியானால் குறைந்த அழுத்தத்தைக் காரணம் காட்டும் வாதம் நிற்காது. அதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

"அன்பளிப்பு" என்று எழுதிவிட்டால் அன்பளிப்பு ஆகிவிடுமா?

ஆகாது. உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய இடம் இதுதான். நுகர்வோர் என்பவர் விலை கொடுத்து வாங்கியவர். விலையை முழுதாகக் கொடுத்திருக்கலாம், பகுதி கொடுத்து மீதிக்கு வாக்குறுதி தந்திருக்கலாம், தவணையில் கொடுத்திருக்கலாம். உண்மையாகவே இலவசமாகக் கிடைத்த பொருள் என்றால் நுகர்வோர் என்று உரிமை கோருவது கடினம். அந்த ஓட்டையில் நுழைவதற்காகத்தான் பில்லில் 999 என்று போட்டுவிட்டு 6,000 ரூபாயை அன்பளிப்பு ஆக்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கணக்கு எழுதுபவரின் அறியாமையாகவும் இருக்கலாம். எதுவானாலும் விளைவு ஒன்றே.

உங்கள் மனைவி பன்னிரண்டு மாதம் கட்டிய பணம் பொருளுக்கான முன்பணம். மாதாமாதம் கடை முத்திரையோடு கையெழுத்துப் போட்ட சீட்டு அட்டை உங்களிடம் இருக்கிறதல்லவா? இந்த வழக்கில் பில்லைவிட அதுதான் பெரிய சான்று. வாங்கும் விலைக்குள் அடங்கிய ஒன்றை இலவசமாகத் தருவது போன்ற தோற்றத்தை உண்டாக்குவதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டத்தின் 2(47) பிரிவு சொல்கிறது. அட்டையைக் கடையில் "முடிந்த சீட்டு" என்று திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் மேற்சொன்ன 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். நீங்கள் இருபத்து நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறீர்கள். பதில் வராத அந்தச் செய்தி உங்களுக்குப் பெரிய துணை. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், செல்போனை மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள்.

யாரைக் கேட்பது?

டெல்லிக் கம்பெனியைத் தேடிக்கொண்டு நீங்கள் போக வேண்டியதில்லை. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடமோ வழக்குக்கான காரணம் எழுந்த இடமோ பார்த்து வழக்குப் போட வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். உங்கள் விஷயத்தில் கடையும் திருவாரூர் மாவட்டம், நீங்களும் திருவாரூர் மாவட்டம், கேள்விக்கே இடமில்லை. கடையை முதல் எதிர்மனுதாரராகவும், பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் என்று அச்சிட்டிருக்கும் நிறுவனத்தை இரண்டாம் எதிர்மனுதாரராகவும் சேர்க்க வேண்டும். இருவருக்குள் யார் பொறுப்பு என்பதை அவர்கள் அடித்துப் பேசிக்கொள்ளட்டும்.

அரிசிக்கு மட்டும்தான் நான் பொறுப்பு என்று கடைக்காரர் சொன்னது சிரிப்பை வரவழைக்கிறது. டேப்லெட்டை விற்ற நாளில் அவர் டேப்லெட் வியாபாரி. இன்னொன்றையும் பாருங்கள்: கருவியின் பின்புறம் எந்தப் பெயர் இருக்கிறது? சில பெரிய கடைகள் வேறு யாரோ செய்த பொருளில் தங்கள் பெயரை ஒட்டி விற்கின்றன. அப்படித் தன் குறியை இடுபவரையும் சட்டம் உற்பத்தியாளர் என்றே எடுத்துக்கொள்கிறது. கடையின் பெயர் அதில் இருந்தால், டெல்லியைக் கை காட்டும் வாதம் அங்கேயே முடிந்துபோகும்.

பெட்டியில் வேறு இரண்டு விஷயங்களையும் தேடுங்கள். இந்தியாவில் விற்கும் டேப்லெட், அதன் பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு வேண்டும். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் அச்சிட்டிருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்தின் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று தெரியும். எண்ணே இல்லாமலோ, வேறு பொருளின் எண்ணாகவோ இருந்தால் உங்கள் மனுவில் அது தனிப் பத்தியாக வர வேண்டும். அடுத்தது, உறையிட்ட பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, நுகர்வோர் புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். யாரும் எடுக்காத எண்ணை அச்சிடுவதை அந்த விதியைக் காப்பாற்றியதாக நான் கருத மாட்டேன்.

அந்த 3,500 ரூபாய் யோசனை

கடைக்காரர் பேச்சுக்கு வந்திருப்பது நல்ல அறிகுறி. ஆனால் அவர் சொல்லும் கணக்கைப் பாருங்கள். 6,999 போக இன்னும் 3,500 என்றால் 10,499 ரூபாய் ஆகிறது. பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சர்வீஸ் சென்டர் வைத்திருக்கும் பெயர் தெரிந்த நிறுவனங்களின் டேப்லெட் கிடைக்கும் எல்லைக்கு வந்துவிடுகிறீர்கள். அப்படியிருக்க, அதே கடையின் அதே அலமாரியிலிருந்து இன்னொன்றை எதற்கு எடுக்க வேண்டும்? அவர் காட்டும் கருவி என்ன நிறுவனம், அதன் அதிகபட்ச சில்லறை விலை எவ்வளவு என்று பாருங்கள். பெட்டியில் 9,000 ரூபாய் போட்டிருந்தால் உங்கள் பழுதான பொருளுக்கு நீங்களே அபராதம் கட்டுவதாக ஆகும்.

கருவி நல்லதாக இருந்து, அலைய மனமில்லை என்றால் ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. மூன்று நிபந்தனைகள் வையுங்கள். பழையது பழுதானதால் திரும்பப் பெற்றோம் என்று எழுத்தில் தர வேண்டும். புதிய பில்லில் முழு விலையும் இருக்க வேண்டும். அன்பளிப்பு, கழிவு என்று எதுவும் கூடாது. வாரண்டி புதிய தேதியிலிருந்து தொடங்க வேண்டும். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதலில் 6,999 ரூபாயையும் திரும்பக் கேளுங்கள். அவர் மறுத்த பிறகு வேண்டுமானால் மாற்றைப் பற்றிப் பேசலாம். உரிமையைக் கேட்காமலே சமரசத்துக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

ஆணையத்துக்குப் போவது எப்படி?

முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். இது தீர்ப்பு சொல்லும் இடமல்ல. ஆனால் பெயரைக் காப்பாற்ற நினைக்கும் நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருகின்றன. உங்கள் டெல்லிக் கம்பெனி இறங்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் விரைவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி ஒரு கடிதம். வழக்கறிஞர் நோட்டீஸாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம். வாங்கிய நாள், கொடுத்த தொகை எப்படிப் பிரிகிறது, எந்த நாள் முதல் என்ன பழுது, எப்போது தெரிவித்தீர்கள், 15 நாளில் பணத்தைத் தராவிட்டால் ஆணையத்துக்குப் போவேன் என்ற ஐந்தும் போதும். கோபத்தை அதில் கொட்டாதீர்கள். அந்தக் காகிதம் பின்னால் நீதிபதி கைக்குப் போகும்.

பதில் இல்லை என்றால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள்களுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேரில் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளத்தின் வழியாகவும் பதியலாம். பழுதைக் கண்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஆனால் பேட்டரி வழக்கில் காலம் உங்களுக்கு எதிராகவே ஓடும். காணொளி வழியாக விசாரிக்கக் கேட்டு மனுக் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. நடவு, அறுவடை நாளில் வாய்தா விழுந்தால் உதவும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் இழுக்கும் என்று எதிர்பார்த்தே கிளம்புங்கள். ஆனால் இத்தகைய சிறு தொகை வழக்குகளில், ஆணையத்தின் உறை கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் உரிமையாளர் சமரசம் பேச வருவதே அதிகம். இருவரும் ஒப்புக்கொண்டால் ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்பும்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். 6,999 ரூபாய், அதற்கு வட்டி, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் நியாயமான ஒரு தொகை, செலவுத் தொகை. மகள் படிப்பு கெட்டது என்று ஐந்து லட்சம் கேட்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அப்படிக் கேட்டால், பேட்டரி உப்பியது பற்றிய உங்கள் உண்மையான புகாரின் கனம் குறைந்துபோகும்.

சரி, வாங்கலாமா கூடாதா?

விலை மலிவு, விற்பது மளிகைக் கடை என்ற இரண்டையும் காரணமாக வைத்து நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் டெஸ்கோ என்ற சூப்பர் மார்க்கெட் 2013ஆம் ஆண்டு ஹட்ல் என்ற பெயரில் 119 பவுண்டுக்கு டேப்லெட் விற்றது. மறு ஆண்டு இரண்டாம் பதிப்பும் வந்தது, 2015இல் நிறுத்திவிட்டார்கள். கடையின் சொந்தச் சரக்காக இருந்ததால் பழுது என்றால் யாரிடம் போவது என்ற குழப்பம் வாங்கியவருக்கு இல்லை. நம் நாட்டில் 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக ஆகாஷ் என்ற டேப்லெட்டை வெளியிட்டது. 256 எம்பி ரேம். அழுத்தினால்தான் அசையும் திரை. உலகின் மிக மலிவான டேப்லெட் என்று பேசப்பட்டது, மாணவர் கையில் நிலைக்கவில்லை. விலையை ஒரு எல்லைக்குக் கீழே இழுத்தால் முதலில் அடிபடுவது பேட்டரியும் திரையும் என்பதை அன்றே பார்த்துவிட்டோம்.

ஆகவே, அடுத்த முறை வாங்கும்போது கடையின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட, பழுதானால் யார் கையில் கொடுப்பது என்று பாருங்கள். சர்வீஸ் சென்டர் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருக்கிறதா என்று, கடைக்காரர் வாயால் கேட்காமல் நீங்களே தொலைபேசியில் விசாரியுங்கள். கூட்டிக் கழிக்காத ரேம் 4 ஜிபியாவது இருக்கட்டும். கடையிலேயே கருவியைத் திறக்கச் சொல்லி, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியில் நிற்கிறது என்று அமைப்புகளில் பாருங்கள். ஓராண்டுக்கு முந்தையது என்றால் அந்தக் கருவியைத் தயாரிப்பாளர் ஏற்கெனவே மறந்துவிட்டார். பாடநூல் படிக்கவும் வீடியோ பார்க்கவும் மட்டும் என்றால் இவை போதும். மகளுக்குத் தட்டச்சு, நிரல் எழுதுவது என்று தேவை வந்தால் எந்த விலை டேப்லெட்டும் சரிப்படாது; கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி தரும் மாநில அரசின் அறிவிப்பைச் சேர்க்கையின்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதுவரை படிப்பு நிற்க வேண்டியதில்லை. நம் மாநிலப் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டை உங்கள் செல்போனில் தீக்‌ஷா செயலியால் படித்தாலே பாட வீடியோக்கள் வந்துவிடும்.

கடைசியாக, மனு யார் பெயரில் என்பது. பில் உங்கள் பெயரில், சீட்டு அட்டை மனைவி பெயரில், பயன்படுத்தியது மகள் என்பதால் குழம்பியிருக்கிறீர்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்; அதனால் "நீங்கள் பயன்படுத்தவில்லையே" என்ற வாதம் எடுபடாது. மகளை ஆணையத்துக்கு இழுக்கவும் தேவையில்லை. நீங்களும் மனைவியும் சேர்ந்து முதல், இரண்டாம் மனுதாரர்களாகக் கையெழுத்திடுங்கள். மனைவி பெயரை விட்டுவிட்டால், அந்த 6,000 ரூபாய் யாருடையது என்ற கேள்வியைக் கடைத் தரப்பு முதல் வாய்தாவிலேயே எழுப்பும். இந்த ஆண்டுச் சீட்டுக்கும் அவர் கட்டத் தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துவதும் தொடர்வதும் அவர் விருப்பம். கட்டினால், ஒவ்வொரு மாதமும் அட்டையில் தொகையும் தேதியும் முத்திரையும் விழுந்த பிறகே கடையை விட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.